92 யார்டு, 0 புள்ளி: அலபாமா தடுப்பாட்டத்துக்கு எத்தனை மதிப்பெண் போடலாம்?

2012 ஜனவரி 9, நியூ ஆர்லியன்ஸ் சூப்பர்டோம். பந்தைக் கையில் ஏந்தியும் எறிந்தும் ஆடும் அமெரிக்கக் கால்பந்தில், கல்லூரி அணிகளின் தேசியச் சாம்பியனை அன்று முடிவு செய்த பிசிஎஸ் இறுதி ஆட்டம். அலபாமா 21, எல்எஸ்யு (லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகம்) 0. பிசிஎஸ் இறுதிகளில் ஓர் அணி ஒரு புள்ளிகூட எடுக்காமல் வீடு திரும்பியது அதுதான் முதல் தடவை. தோற்றது சோப்ளாங்கி அணியும் இல்லை. 13 ஆட்டம் ஆடி 13-ஐயும் ஜெயித்து, இரு அணிகளும் இருக்கும் எஸ்இசி லீகின் இறுதியில் ஜார்ஜியாவை 42-10 என்று வறுத்தெடுத்துவிட்டு, நாட்டின் முதலிடத்தில் உட்கார்ந்திருந்த எல்எஸ்யு.

அலபாமாவின் தடுப்பாட்டத்துக்கு 10-க்கு 9 போடலாம். ஆனால் ஸ்கோர்போர்டில் தெரிகிற சைபருக்காக அந்த 9-ஐப் போட்டால் மதிப்பீடு தப்பு. சைபர் பல காரணத்தால் விழும். எதிரணி பந்தைக் கோட்டைவிட்டாலும் விழும், உதைப்பவர் கோணலாக உதைத்தாலும் விழும். இங்கே 9 கிடைப்பது முதல் டவுனில் செய்த வேலைக்காக, அதிலும் தடுப்பு வரிசையின் ஓரத்தில் நின்றவர்கள் தங்கள் இடத்தைவிட்டு அசையாததற்காக. குறைந்த 1 எங்கே போனது என்பது பின்னால் வரும்.

இந்த ஆட்டத்துக்குப் புதியவர்களுக்கு விதி சுருக்கமாக. பந்து வைத்திருக்கும் அணிக்கு நான்கு வாய்ப்பு. ஒவ்வொன்றும் ஒரு டவுன்; இங்கே 'முதல் டவுன்' என்பது அவற்றில் முதலாவது. நான்குக்குள் 10 யார்டு முன்னேறினால் மறுபடி புது நான்கு கிடைக்கும், அதைத்தான் 'ஃபர்ஸ்ட் டவுன்' எடுத்தார்கள் என்பது. மூன்றில் முடியாவிட்டால் பெரும்பாலும் நான்காவதில் பந்தைத் தூரமாக உதைத்து எதிரணியிடம் கொடுத்துவிடுவார்கள், அது பன்ட். அப்படியானால் தடுப்பவர்களின் நிஜமான வேலை புள்ளியைத் தடுப்பதுகூட இல்லை, ஃபர்ஸ்ட் டவுனைத் தடுப்பது. அன்றிரவு முழுக்க எல்எஸ்யு எடுத்தது 5. அலபாமா எடுத்தது 21.

இனி கணக்கு. எல்எஸ்யு 27 தடவை ஓடி 39 யார்டு. 17 தடவை எறிந்து 11 பிடிபட்டு 53 யார்டு. மொத்தம் 44 ஆட்டம் (டவுனுக்கு டவுன் ஆடுகிற ஒவ்வொரு முயற்சியும் ஓர் 'ஆட்டம்'), 92 யார்டு. ஓர் ஆட்டத்துக்கு 2.1 யார்டு. மூன்று டவுனுக்குப் பெருக்கினால் 6.3, பத்துக்கு இன்னும் கிட்டத்தட்ட நாலு குறைகிறது. பன்ட் அடிப்பதைத் தவிர அந்த அணிக்கு வேறு போக்கிடம் இல்லை என்பதை இந்த ஒரு வகுத்தலே சொல்லிவிடும்.

இந்த எண்களில் இரண்டு இடத்தில் வழுக்கும். ஒன்று, கல்லூரி ஆட்டத்தில் குவார்ட்டர்பேக் (தாக்குதலை நடத்தி, பந்தை எறிபவர்) எறிவதற்குள் பிடித்து வீழ்த்தப்பட்டால் ('சேக்'), அந்த இழப்பை ஓட்டக் கணக்கில் கழிப்பார்கள்; தொழில்முறை என்எஃப்எல்லில் எறிதல் கணக்கில் கழிப்பார்கள். எல்எஸ்யுவின் ஜோர்டன் ஜெஃபர்சன் நாலு தடவை அப்படி வீழ்ந்தார். அதனால் '27 ஓட்டம், 39 யார்டு' என்பதில் உண்மையான ஓட்டம் 27-ஐவிடக் குறைவு, யார்டு 39-ஐவிடக் கொஞ்சம் கூடுதல். ஓட்டத் தடுப்பை மட்டும் தனியாக மெச்ச நினைப்பவர்கள் இந்த நாலையும் எடுத்துவிட்டுத்தான் பார்க்க வேண்டும். இரண்டாவது, 17-க்கு 11 என்றால் 65 சதவீதம். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பிடிபட்ட ஒவ்வொரு பந்துக்கும் கிடைத்தது சராசரி 4.8 யார்டு, எறிந்த ஒவ்வொன்றுக்கும் 3.1. பிடித்த இடத்திலேயே ஆளை அமுக்கிவிட்டார்கள். சதவீதத்தை மட்டும் பார்த்து 'கார்னர்கள் (ஓரத்தில் பந்து பிடிக்க ஓடுபவரைக் காப்பவர்கள்) சொதப்பினார்கள்' என்று எழுதுபவர்கள் எப்போதும் இருப்பார்கள். அதைக் கண்டுகொள்ள வேண்டாம்.

மூன்றாவது டவுனில் எல்எஸ்யு 12-க்கு 2 தேறியது. இதை மூன்றாவது டவுனின் வீரமாகச் சிலர் எழுதினார்கள். அப்படி இல்லை. முதல் டவுனில் ஒன்றோ இரண்டோ யார்டுதான் கொடுத்தால், இரண்டாவதில் எட்டு, ஒன்பது பாக்கி நிற்கும்; அதிலும் பெரிதாகத் தேறாவிட்டால் மூன்றாவதிலும் நீண்ட தூரம்தான். அப்போது எறியத்தான் வேண்டும் என்பது அரங்கத்தில் பாப்கார்ன் விற்பவருக்கும் தெரியும். தடுப்பவர்கள் ஓட்டத்தைப் பற்றிய கவலையை விட்டுவிட்டு நேராகக் குவார்ட்டர்பேக்கின்மேல் பாயலாம். முதல் டவுனில் வென்றதைத்தான் மூன்றாவதில் பணமாக்கினார்கள்.

முதல் டவுனில் என்ன செய்தார்கள் என்று பார்க்க இரண்டு மாதம் பின்னால் போக வேண்டும். இதே இரு அணிகள் 2011 நவம்பர் 5 அன்று டஸ்கலூசாவில் மோதி, கூடுதல் நேரத்தில் எல்எஸ்யு 9-6 என ஜெயித்தது. அன்று எல்எஸ்யுவின் மொத்தம் 239 யார்டு; அதில் ஓடியே எடுத்தது 148. குவார்ட்டர்பேக் ஜாரெட் லீ இரண்டு பந்தை எதிரணி கையில் கொடுத்த பிறகு ஜெஃபர்சன் உள்ளே வந்தார்; அவருடன் வந்தது 'ஆப்ஷன்'. அலபாமாவுக்குத் தலைவலி கொடுத்தது அதுதான். ஆக, ஜனவரியில் கேள்வித்தாள் முன்கூட்டியே தெரிந்திருந்தது.

ஆப்ஷன் என்பது ஓர் ஆளைப் பொறியில் மாட்டும் வித்தை. ஒரே நேரத்தில் மூன்று அபாயம் கிளம்பும்: நடுவில் முட்டிப் போகிற ஓட்டக்காரர், பந்தோடு தானே ஓடக்கூடிய குவார்ட்டர்பேக், அவருக்குப் பக்கவாட்டில் இணையாக ஓடிவந்து பந்தை வாங்கிக்கொள்ளத் தயாராக இருக்கும் இன்னொருவர். தாக்கும் அணி, ஓரத்தில் நிற்கும் தடுப்பவரை வேண்டுமென்றே யாரும் மறிக்காமல் சும்மா விட்டுவிடும். குவார்ட்டர்பேக் அந்த ஆளின் தோளைத்தான் பார்த்தபடி ஓடுவார். தோள் உள்ளே திரும்பினால் பந்தை வெளியே இருப்பவருக்குத் தட்டிவிடுவார். வெளியே நகர்ந்தால் தானே உள்ளே புகுவார். அந்த ஓர ஆள் எதைச் செய்தாலும் தப்பு.

மருந்து ஒன்றுதான்: ஆளுக்கொரு வேலை, அடுத்தவன் வேலையில் தலையிடக் கூடாது. நடு ஓட்டக்காரர் உள் லைன்பேக்கருக்கு (முன்வரிசைக்குப் பின்னால் நடுவில் நிற்பவர்), குவார்ட்டர்பேக் ஓர ஆளுக்கு, வெளியே பந்து வாங்குபவர் சேஃப்டிக்கோ (கடைசியில் ஆழத்தில் நிற்பவர்) கார்னருக்கோ. சொல்லச் சுலபம். கபடியில் பாடி வருகிறவர் நடுவில் ஆசை காட்டும்போது கார்னர்காரர் அவசரப்பட்டுக் காலுக்குப் பாய்ந்துவிட்டால் என்ன ஆகுமோ, அதுதான் இங்கும் ஆகும். பந்து இருக்கிற பக்கம் உடம்பு தானாகப் போகும். அதை அடக்குவதுதான் பயிற்சி.

41-ஆம் எண் போட்ட கோர்ட்னி அப்ஷாவை இதற்காகத்தான் பார்க்க வேண்டும். தலைமைப் பயிற்சியாளர் நிக் சேபன், தடுப்பாட்டப் பயிற்சியாளர் கர்பி ஸ்மார்ட் கூட்டணியின் 3-4 அமைப்பில் (முன்வரிசையில் மூவர், பின்னால் நான்கு லைன்பேக்கர்) அவருக்கு 'ஜாக்' என்ற இடம்: ஓரத்து லைன்பேக்கர், பாதி நேரம் கை தரையில், பாதி நேரம் நின்றபடி. இந்த இடத்தில் நிற்பவருக்குப் பாடம் மூன்று. தோள் இரண்டும், பந்து வைக்கப்பட்ட இடத்தில் இரு அணிகளையும் பிரிக்கும் கோட்டுக்கு இணையாக இருக்க வேண்டும். மறிக்க வருபவரை உள் கையால் தாங்கி, வெளிக் கையைச் சும்மா வைத்திருக்க வேண்டும். வெளிக் கால் ஒருபோதும் உள்ளே குறுக்கே போகக் கூடாது. இவ்வளவையும் செய்தால், வெளியே சுற்றிப் போக நினைத்தவர் உள்ளே மடங்கியாக வேண்டும். உள்ளே டான்டே ஹைடவரும் நிகோ ஜான்சனும் காத்திருப்பார்கள். அப்ஷாவுக்குத் தடுப்பாட்டத்தின் சிறந்த வீரர் விருது கிடைத்தது. 7 பேரை வீழ்த்தினார், அதில் ஒன்று குவார்ட்டர்பேக் சேக். அந்த 7 அவருடைய வேலையைக் குறைத்துத்தான் காட்டுகிறது. அவர் ஆளைத் தொடாமல், வெறுமனே வழியை அடைத்து இன்னொருவர் கணக்கில் ஏற்றிவிட்ட ஆட்டங்களை எந்த அட்டவணையும் எண்ணாது.

அதைவிடவும் அட்டவணைக்கு வெளியே இருப்பவர் 99, ஜோஷ் சாப்மன். நோஸ் டேக்கிள், பந்தை எடுத்துக் கொடுக்கும் சென்டரின் மூக்குக்கு நேரே நிற்பவர். பருவத்தின் நடுவே முழங்கால் ஏசிஎல் தசைநார் அறுந்து, அதோடேயே மிச்சப் பருவத்தை ஆடியவர். ஓட்டத்தை எதிர்பார்க்கிற நேரத்தில் இவருடைய வேலை முன்னேறுவது இல்லை. சென்டரை நேராக நிமிர்த்திப் பிடித்து, அவருடைய இரண்டு தோளுக்கும் பக்கத்தில் உள்ள இரண்டு இடைவெளியையும் ஒருவரே அடைப்பது. தனி ஆளால் இவரை நகர்த்த முடியாதபோது சென்டருக்குப் பக்கத்தில் நிற்கும் 'கார்டு' வீரரும் வந்து சேர வேண்டியிருக்கும். இரண்டு பேர் இவரிடம் மாட்டிக்கொண்டால், பின்னால் நிற்கும் ஹைடவரை மறிக்க ஆளே வராது. சாப்மன் ஓரடி பின்னால் போனால் கதை தலைகீழ்: கார்டு நழுவிப் போய் ஹைடவரை இடிப்பார், நடுவே ஆறு யார்டு திறக்கும். இரு பக்கமும் டேமியன் ஸ்குவேரும், ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த ஜெஸ்ஸி வில்லியம்ஸும். இந்த மூவருக்கு 9.5. தாராளம் என்று தோன்றினால், 39 யார்டை இன்னொரு தடவை பார்க்கலாம்.

எறிதல் தடுப்புக்கு 8.5 போதும். மோசம் என்பதால் இல்லை, சோதிக்கப்படவில்லை என்பதால். சேபனின் அமைப்பில் பின்வரிசை முதலில் பகுதி காப்பதுபோல நிற்கும். ஓடிவருபவர் எந்தப் பக்கம் திரும்புகிறார் என்று தெரிந்ததும் ஆளுக்கு ஆள் ஒட்டிக்கொள்ளும். நேராக ஆழம் போனால் கார்னர் கூடவே போவார். சீக்கிரமே உள்ளே வெட்டினால் லைன்பேக்கரிடம் ஒப்படைத்துவிட்டு அடுத்த ஆளைத் தேடுவார். 1991 முதல் 1994 வரை கிளீவ்லாந்து பிரௌன்ஸில் பில் பெலிசெக்கின் கீழ் தடுப்பாட்டத்தைக் கவனித்த காலத்திலிருந்து சேபன் இழைத்து வந்த முறை. இதில் கெடுகிற இடம் ஒப்படைப்புதான். இரண்டு பேர் ஒரே ஆளை எடுத்துக்கொண்டால் இன்னொருவர் தன்னந்தனியாக ஓடிக்கொண்டிருப்பார். மார்க் பேரன், ராபர்ட் லெஸ்டர், டிரே கிர்க்பேட்ரிக், டிகுவான் மென்ஸி அடங்கிய வரிசை அப்படி ஒரு பெரிய ஓட்டையை அன்று விடவில்லை. ஜெஃபர்சன் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு தவித்ததற்கும், அந்த நாலு சேக்குகளுக்கும் பாதிக் காரணம் இவர்கள். முதல் ஆள் மூடிக்கிடந்தால் இரண்டாவதைத் தேட ஒரு நொடி கூடுதல் ஆகும். அந்த நொடியில் அப்ஷா வந்துவிடுவார். இருந்தாலும் எல்எஸ்யு ஆழமாக எறிய அதிகம் துணியவில்லை. கேட்காத கேள்விக்கு முழு மதிப்பெண் போட வழியில்லை.

மூன்றாம் கால் பகுதியில் வந்த ஓர் ஆட்டத்தைத் தனியாகப் பார்க்கலாம், ஏனென்றால் இரவு முழுக்க நடந்தது அதற்குள் இருக்கிறது. ஜெஃபர்சன் எறியப் பின்வாங்குகிறார். நெருக்குகிறார்கள், ஓரம் நோக்கி ஓடுகிறார். எறியவும் முடியவில்லை, ஓட வழியும் இல்லை. முன்னால் ஸ்பென்சர் வேர் இருப்பது கண்ணில் பட, பந்தைச் சும்மா அவர் பக்கம் தள்ளிவிடுகிறார். அதற்குள் வேர், ஜெஃபர்சன் ஓடப்போகிறார் என்று நினைத்து முதுகைக் காட்டித் திரும்பிவிட்டார். இடையில் நின்ற 32, சி. ஜே. மோஸ்லி, கோயில் பிரசாதம் வாங்குவதுபோலப் பந்தை வாங்கிக்கொண்டார். இதை 'ஜெஃபர்சனின் முட்டாள்தனம்' என்று முடித்துவிடுவது வழக்கம். முட்டாள்தனம்தான். ஆனால் ஓடுவாரா எறிவாரா என்று சொந்த அணிக்காரருக்கே தெரியாமல் போகுமளவுக்கு அவரை விரட்டியது யார்? மோஸ்லி அந்தப் பந்தோடு ஓடி விழுந்தபோது இடுப்பு மூட்டு விலகி, மிச்ச ஆட்டத்துக்கு வரவில்லை. அவர் இல்லாமலும் வரிசை தளரவில்லை என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

இன்னோர் இடம் நாலாம் கால் பகுதி. அதுவரை எல்எஸ்யு மைதானத்தின் நடுக்கோட்டைத் தாண்டவே இல்லை. ஆட்டம் முடிய எட்டு நிமிடம்போல இருக்கும்போது முதல் தடவையாகத் தாண்டி, அலபாமாவின் 32-ஆம் யார்டு வரை வந்தது. அப்போது ஸ்கோர் 15-0. எல்லாமே ஜெரமி ஷெல்லி உதைத்த ஃபீல்டு கோல்கள் (கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் தலா 3 புள்ளி): 23, 34, 41, 35, 44 யார்டு. ஒரு டச்டவுன் (பந்தை எதிரணியின் கடைசிக் கோட்டைத் தாண்டிக் கொண்டுபோனால் 6 புள்ளி) விழுந்திருந்தால் ஆட்டத்துக்கு உயிர் வந்திருக்கும். அங்கிருந்து எல்எஸ்யு முன்னே வரவில்லை, பின்னேதான் போனது. நாலாவது டவுனில் ஹைடவர் ஜெஃபர்சனைப் பிடித்து அடிக்க, பந்து கையைவிட்டு நழுவியது. நிக் ஜென்ட்ரி அதன்மேல் விழுந்தார். அதற்குப் பிறகுதான் டிரென்ட் ரிச்சர்ட்சனின் 34 யார்டு ஓட்டம், ஆட்டம் முடிய 4 நிமிடம் 36 நொடி இருக்கையில். இரண்டு அணிகளும் நவம்பரிலிருந்து ஆடிய இரண்டு ஆட்டத்திலும் சேர்த்து விழுந்த ஒரே டச்டவுன் அது.

இப்போது கழித்தல். முதலில் சொந்த அணியின் தாக்குதல் செய்த உதவி. அலபாமா 384 யார்டு எடுத்தது, குவார்ட்டர்பேக் ஏ. ஜே. மக்கேரன் 34-க்கு 23, 234 யார்டு, ஒரு பந்துகூட எதிரணி கைக்குப் போகவில்லை. தாக்குதல் இப்படிப் பந்தைக் கட்டிக்கொண்டு இருந்தால் தடுப்பவர்கள் பெஞ்சில் உட்கார்ந்து தண்ணீர் குடிக்கலாம். 44 ஆட்டம்தான் தடுக்க வேண்டியிருந்தது. கல்லூரியில் ஓர் அணி சாதாரணமாக அறுபது, எழுபது ஆடும். களைப்பில்தான் ஓரத்துக்காரர்கள் உள்ளே சாய ஆரம்பிப்பார்கள். இங்கே களைக்க நேரமே வரவில்லை.

அடுத்து, எல்எஸ்யு பயிற்சியாளர் லெஸ் மைல்ஸ் கடைசிவரை ஜெஃபர்சனை மாற்றவில்லை. லீ களமிறங்கவே இல்லை. எதிரணியின் பிடிவாதத்துக்கு இவர்களுக்கு மதிப்பெண் கொடுப்பது நியாயம் இல்லை. பிறகு ஓய்வு: அலபாமா கடைசியாக ஆடியது நவம்பர் 26, ஆபர்னோடு. எஸ்இசி இறுதிக்கு அது போகவில்லை. ஆக 44 நாள், தெரிந்த எதிரி, தெரிந்த ஆப்ஷன். (44 நாள் படித்து 44 கேள்விக்குப் பதில், தற்செயல்தான்.) எல்எஸ்யுவுக்கு ஒரு வாரம் குறைவு. பன்ட் உதைத்தவர்களையும் மறக்கக் கூடாது. ஜார்ஜியாவுக்கு எதிராகப் பன்ட்டைத் திருப்பி ஓடி டச்டவுன் போட்ட டைரன் மாத்யூவுக்கு அன்று ஓட இடமே கிடைக்கவில்லை. குறுக்கு வழி இல்லாததால் எல்எஸ்யு ஒவ்வொரு முறையும் தொலைவிலிருந்தே தொடங்கியது. தடுப்பவர்கள் பறித்த பந்தும் இரண்டுதான். பறித்ததை நேராகப் புள்ளியாக்கவும் இல்லை. இவை எல்லாம் சேர்ந்துதான் அந்த ஒரு மதிப்பெண்.

இது ஒருநாள் கூத்து என்று சொல்வதற்கும் இடமில்லை. 2011 பருவம் முழுக்க அலபாமா ஆட்டத்துக்கு 8.15 புள்ளி, 183.6 யார்டு, ஓட்டத்தில் 72.2, எறிதலில் 111.5 மட்டுமே கொடுத்தது. நான்கிலும் நாட்டில் முதலிடம். தன் சொந்தச் சராசரியில் பாதியை, நாட்டின் முதல் அணிக்கு எதிராகக் கொடுத்திருக்கிறது.

ஆட்டத்தின் பதிவை வைத்து நீங்களே மதிப்பிடப் பார்த்தால், ஒரு தாளில் நாலு பத்தி போதும்: டவுனும் பாக்கித் தூரமும், என்ன ஆடினார்கள், எத்தனை யார்டு, யார் இடம் தவறினார். முதல் டவுனில் தேவையான தூரத்தில் பாதி, இரண்டாவதில் 70 சதவீதம், மூன்றிலும் நாலிலும் முழுவதும் கிடைத்தால் தாக்கியவர் பக்கம் ஒரு கோடு. இல்லாவிட்டால் தடுத்தவர் பக்கம். வெறும் சராசரியைவிட இது நம்பகம், ஏனென்றால் ஒரே ஒரு 60 யார்டு ஓட்டம் சராசரியைக் கெடுத்துவிடும், கோடுகளைக் கெடுக்காது. மூன்றாவது டவுனில் 14 பாக்கி இருக்கும்போது விட்டுக்கொடுத்த 9 யார்டும் தடுத்தவருக்கு வெற்றிதான் என்பது இதில் சரியாக விழும்.

ஒவ்வொரு ஆட்டத்தையும் மூன்று தடவை ஓட்டுங்கள்: முதலில் 99, அடுத்து 41, கடைசியில் பந்து. முதலிலேயே பந்தைப் பார்த்தால் மற்ற எதுவும் கண்ணில் படாது. பந்து கிளம்பியதிலிருந்து விசில் வரை ஆறு நொடிபோலத்தான். 44 ஆட்டத்துக்கு ஐந்து நிமிடத்துக்கும் குறைவு, மூன்று தடவை என்றாலும் கால் மணி நேரம். ஒரு குறை உண்டு. தொலைக்காட்சி கேமரா பந்தைச் சுற்றியே நிற்பதால் ஆழத்தில் நிற்கும் பேரனும் லெஸ்டரும் பாதி நேரம் சட்டத்துக்கு வெளியே. மைதானத்தில் 22 பேரையும் காட்டுகிற பயிற்சியாளர் பதிவு கிடைக்காதவரை சேஃப்டிகளுக்குப் பென்சிலால்தான் மதிப்பெண் போட வேண்டும்.

வீழ்த்திய எண்ணிக்கையை வைத்து வரிசைப்படுத்தவும் வேண்டாம். ஒரு சேஃப்டி ஒரே ஆட்டத்தில் பன்னிரண்டு பேரை வீழ்த்தியிருந்தால் முன்வரிசை ஒழுகியிருக்கிறது என்று பெரும்பாலும் அர்த்தம்.

ஜனவரி ஆட்டத்தை நேராகப் போடாதீர்கள். நவம்பர் ஆட்டத்தில் ஜெஃபர்சன் உள்ளே வந்த பிறகு ஓடிய ஆப்ஷன்களை மட்டும் முதலில் பாருங்கள், ஓரத்தில் நிற்பவரின் வெளிக் காலைக் கவனித்து. அப்புறம் சூப்பர்டோமுக்கு வாருங்கள். அதே ஆப்ஷன், அதே ஜெஃபர்சன், அந்தக் கால் எங்கே ஊன்றியிருக்கிறது என்று பாருங்கள்.